வெள்ளை ஃபிரேமைக் குறையுங்கள், தம்பிமாரே

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் என் எடிட்டிங் அறையில் ஒரு பாட்டு வீடியோவின் முதல் கட் போட்டுக் காட்டினேன். லைற் அணைத்திருந்தது. பாடகரின் தம்பி, பதினான்கு வயசுப் பிள்ளை, மொனிட்டருக்கு முன்னால் தரையில் இருந்தான். இரண்டாவது சரணத்தில் ஸ்ட்ரோப், அதாவது படபடவென்று மின்னும் வெளிச்சம், தொடங்கியது. பிள்ளையின் தோள் வெட்டியது, பிறகு சரிந்தான். யாரோ என் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார்கள். (இரும்பு வலிப்பை நிறுத்தாது. இதை இன்னும் எத்தனை தரம் சொல்வது?) வலிப்பு இரண்டு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. என் கை நடுக்கம்தான் நிற்கவில்லை.

இயக்குநர் தம்பி சொன்னது: “அண்ணா, முன்னுக்கு வோர்னிங் போட்டுவிடுவோம், பிரச்சினை இல்லைதானே?”

பிரச்சினை இருக்கிறது. எச்சரிக்கை அட்டை யாருக்கு உதவும்? மின்னும் ஒளியால் தனக்கு வலிப்பு வரும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு. வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான் ஒளித்துடிப்புக்கு வலிப்பு வரும். அவர்களிலும் பிள்ளைகளும் இளவயதினரும்தான் அதிகம். பலருக்கு முதல் வலிப்பே திரைக்கு முன்னால்தான் வருகிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமொன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு தரம் மாறி மாறி மின்னின. ஏறத்தாழ 685 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலானோருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. அவர்களுக்கு அட்டை காட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வாசித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அதுவும் அட்டை எங்கே நிற்கிறது? டிக்டொக்கில் பதினைந்து வினாடி வெட்டிப் போடும்போது முதலில் போவது அதுதான்.

முன்மாதிரியாக அமெரிக்கப் பாட்டு வீடியோ இயக்குநர் ஹைப் வில்லியம்ஸைக் காட்டுவார்கள். காட்சியை உருண்டையாக வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ், துடிக்கும் எழுத்து, ஸ்ட்ரோப் எல்லாம் அவர் வேலையில் திரும்பத் திரும்ப வரும், எனக்கும் பிடிக்கும். 1997இல் பாடகி மிஸி எலியட்டை அந்த லென்ஸில் எடுத்ததை இன்றைக்கும் படிப்பதற்காகப் பார்க்கிறேன். ஆனால் 2011இல் அவர் ராப் பாடகர் கான்யே வெஸ்டுக்கு எடுத்த ‘ஆல் ஒஃப் த லைட்ஸ்’ வீடியோவைப் பிரிட்டன் வலிப்பு நோய் அமைப்பு ஒன்று ஆட்சேபித்த பிறகுதான் அதில் எச்சரிக்கை ஏறியது. மீன்கண்ணைத் தாராளமாக எடுங்கள், அதனால் யாரும் விழமாட்டார்கள்.

கணக்கு லேசு. வினாடிக்கு மூன்று ஃபிளாஷுக்கு மேல் வேண்டாம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீற்) பாட்டில் பீற்றுக்கு ஒன்று போட்டால் வினாடிக்கு இரண்டு, சரி. அரைப் பீற்றுக்கு ஒன்று போட்டால் நான்கு, எல்லை தாண்டியாச்சு. நீங்கள் விரும்பிக் கேட்கும் ‘ஒரு ஃபிரேம் வெள்ளை, ஒரு ஃபிரேம் கறுப்பு’ வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் வினாடிக்குப் பன்னிரண்டரை ஃபிளாஷ். போக்கிமொன் கணக்கேதான். அப்படியும் மின்னல் வேண்டுமென்றால் வெள்ளையைச் சாம்பலாக்குங்கள், திரையின் கால்வாசிக்குள் அடக்குங்கள், கடுஞ்சிவப்பைத் தொடாதீர்கள். எடிட்டர் குறைக்கச் சொன்னால் “ஃபீல் போகுது” என்று முகத்தைச் சுழிக்காதீர்கள்.

பார்க்கிறவர்களுக்கு: இருட்டில், கிட்ட இருந்து பார்க்காதீர்கள். கண் கூசினால், தலை சுற்றினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புங்கள். கண் இரண்டையும் இறுக்கி மூடினால் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும். யாராவது விழுந்தால் பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல் தரம் என்றால் சீக்கிரம் நின்றாலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அப்புறம், வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் அண்ணாமாருக்கு ஒன்று. இருட்டு, நித்திரை முழிப்பு, முன் சீற்றில் சின்னப்பிள்ளை, தலைக்கு மேலே மின்னும் திரை. எல்லாம் ஒன்றாகச் சேர்வது உங்கள் பஸ்ஸில்தான். பத்து மணிக்குப் பிறகு ரிவியை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் விடுங்கோ, புண்ணியமாய்ப் போகும்.