ஆடியோஃபைல்: ஒலிச்சுவைஞர்

கோலாலம்பூரில் ஒலிக்கருவி விற்கும் கடைகளிலும், அவற்றை வாங்கிச் சேர்க்கும் நண்பர் வட்டங்களிலும், ‘ஆடியோஃபைல்’ என்ற சொல்லை நம்மவர்கள் மொழிபெயர்க்காமலேயே வழங்குகிறார்கள். பதிவுசெய்யப்பட்ட இசையை, அதன் மூலத்திற்கு இயன்ற அளவு நெருக்கமான தரத்தில் கேட்பதில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர் என்பதே அதன் பொருள். ஆனால் புழக்கத்தில் அந்தப் பொருள் மெல்ல நகர்ந்து, ‘ஒலியைப் பற்றி மற்றவரைவிட அதிகம் அறிந்தவர்’ என்றாகிவிட்டது. ஒருவரை ஆடியோஃபைல் என்று அறிமுகப்படுத்தினால், அவர் பரிந்துரைக்கும் கேபிளைக் கேள்வி கேட்காமல் வாங்க ஆள் இருக்கிறது. இச்சொல்லின் பிறப்பிலும் அமைப்பிலும் அந்த இரண்டாம் பொருளுக்கு இடமே இல்லை என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது இருமொழிக் கலப்புச் சொல். முற்பகுதியாகிய ‘ஆடியோ’, கேட்டல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இலத்தீனில் அது தன்மை ஒருமை வினைமுற்றாக நின்று, ‘நான் கேட்கிறேன்’ என்றே பொருள்படும். பிற்பகுதி, அன்புடையவர், விரும்புபவர் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லடி. புத்தகப் பற்றாளரைக் குறிக்கும் ‘பிப்ளியோஃபைல்’ இரு பகுதியும் கிரேக்கமான பழைய சொல். அதன் அச்சில் வார்க்கப்பட்ட புதுச்சொல்தான் ஆடியோஃபைல். 1948இல் நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. வீட்டிலேயே நல்ல ஒலியமைப்பை உருவாக்கிக்கொள்ளும் பழக்கம் பரவிய 1950களின் தொடக்கத்தில் இச்சொல்லும் ஆங்கில அச்சில் தலைகாட்டியது. அதன் உடன்பிறப்பான ‘ஹை-ஃபை’ என்பதன் விரிவாகிய ‘ஹை ஃபிடெலிட்டி’யில் இருப்பது, பற்றுறுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல். மூலத்தைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதே அங்கே உயர்வு எனப்பட்டது. ஆக, சொல்லின் உள்ளே கேட்டலும் அன்பும் இருக்கின்றன. அறிவு அதில் இல்லை, வல்லமையும் இல்லை.

இந்த வேறுபாட்டின் விலையைத் தெரிந்துகொள்ள, ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் கேபிளின் வணிகம் ஒன்றே போதும். கோலாலம்பூரின் பூடு வட்டாரத்துப் பாசார் சாலையின் மின்பொருள் கடைகளில், இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கேபிளை மீட்டர் கணக்கில், சில வெள்ளிக்கு (ரிங்கிட்) வெட்டித் தருவார்கள். அதே வேலையைச் செய்யும் வேறொரு கேபிள், பட்டு உறையும் மரப்பெட்டியுமாகப் பல்லாயிரம் வெள்ளிக்கு விற்கப்படுகிறது. அந்தக் கடைத்தெருக் கேபிளின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போகவர பத்து மீட்டர் கம்பி என்று கொண்டால், மொத்தம் 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரின் முன் இதனால் ஏற்படும் ஒலி இழப்பு, ஒலியளவின் அலகான ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இதனால் கேபிளே ஒரு பொருட்டில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அரைச் சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியைப் பத்து மீட்டருக்கு இழுத்து நான்கு ஓம் ஸ்பீக்கரில் பொருத்தினால், இழப்பு ஒரு டெசிபெல்லைத் தாண்டிவிடும். ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால், அந்த இழப்பும் எல்லாச் சுரத்திலும் ஒன்றுபோல் இராது. கேட்பவருக்கு உண்மையிலேயே ஒலியின் நிறம் மாறித் தெரியலாம். தடிமன், நீளம், இறுக்கமான இணைப்பு ஆகிய மூன்றும் கவனிக்க வேண்டியவை. மூன்றும் அளந்து பார்க்கக்கூடியவை, மலிவானவை. ‘ஆக்சிஜன் நீக்கிய செம்பு’ என்று பெருமையாக அச்சிடப்படும் சிறப்போ, வழக்கமான மின்செம்பைவிடக் கடத்துதிறனில் சுமார் ஒரு விழுக்காடுதான் கூடுதல். கம்பியைச் சற்றே தடிமனாக வாங்கினால் அந்த ஒரு விழுக்காடு கைக்கு வந்துவிடும்.

சுவரிலிருந்து கருவிக்கு மின்சாரம் தரும் கேபிளை மாற்றினால் ஒலி மேம்படும் என்ற நம்பிக்கை இதைவிடப் பலவீனமானது. நம் நாட்டு வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் துணைநிலையத்திலிருந்து நெடுந்தொலைவு சாதாரணக் கம்பிகளில் வந்து, சுவருக்குள்ளும் சாதாரணக் கம்பியிலேயே ஓடி, மூன்றுமுனைச் செருகிக்குள் இருக்கும் மெல்லிய ஃபியூஸ் இழையையும் கடந்துதான் கருவியை அடைகிறது. கடைசி ஒன்றரை மீட்டர் மட்டும் வந்த வழியின் தன்மையை மாற்றிவிடும் என்பதற்கு மின்னியலில் ஆதாரம் எதுவும் இல்லை.

அப்படியானால், கேபிளை மாற்றியதும் பாடகரின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கேட்டது அவர்களுக்கு மெய்யாகவே கேட்டதுதான். புதிதாக வாங்கிய பொருளின் விலையும், அதன் தோற்றமும், விற்றவரின் உறுதியும் முன்னே நிற்க, மனம் அதுவரை கவனிக்காத நுணுக்கங்களைத் தேடிக் கேட்கத் தொடங்குகிறது. மருந்தே இல்லாத மாத்திரையும் நலம் தந்ததாகத் தோன்றுவதை, மருத்துவத்தில் மருந்துப்போலி விளைவு என்பார்கள்; இதுவும் அதை ஒத்ததே. ‘ஆடியோ’ என்றால் ‘நான் கேட்கிறேன்’; ‘வீடியோ’ என்றால் அதே இலத்தீனில் ‘நான் காண்கிறேன்’. கேபிளைப் பார்த்துக்கொண்டே அதன் ஒலிக்குத் தீர்ப்புச் சொல்பவர் இரண்டையும் ஒருசேரச் செய்கிறார். எது செவியின் தீர்ப்பு, எது கண்ணின் தீர்ப்பு என்று அவராலேயே பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கான முறை, ஆடியோஃபைல் என்ற சொல் தோன்றிய காலத்திலேயே தோன்றிவிட்டது. அமெரிக்கத் தொலைபேசித் துறையின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சனும் கார்ட்னரும் 1950இல் விளக்கிய முறை இது: இரண்டு ஒலிகளை முதலில் கேட்கச் செய்து, மூன்றாவதாக ஒன்றை ஒலிக்கவிட்டு, அது முந்தைய இரண்டில் எது என்று கேட்பவரையே சொல்ல வைக்க வேண்டும். பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகம் அன்று என்று ஏற்க இடமுண்டு. குருட்டுவாக்கில் அவ்வளவு சரியாகச் சொல்ல நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை. ஒலியளவை இரு பக்கமும் கருவி கொண்டு சமன்செய்வது இன்றியமையாதது, ஏனென்றால் சிறிதளவே உரத்த ஒலி காதுக்கு ‘நல்ல’ ஒலியாகப் படும். 2007இல் அமெரிக்க மந்திரவாதி ஜேம்ஸ் ரேண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கேட்டே பிரித்தறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். சோதனை நடக்காமலேயே பேச்சு முறிந்தது. அந்தப் பரிசு எவர் கைக்கும் போகவில்லை.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒலி வல்லுநர்’ என்பது பிழை. அது பயிற்சியும் பொறுப்பும் உள்ள தொழிலரைக் குறிக்க வேண்டிய சொல். ‘ஒலிப்பித்தர்’ என்பது வசையாக நின்றுவிடும். இரவில் விளக்கணைத்து ஒரு நாகசுர ஆலாபனையை முழுமையாகக் கேட்பவரை அப்படி அழைப்பது அறமாகாது. ‘ஒலி ஆர்வலர்’ தவறில்லை, ஆனால் ஒலிப்பதிவிலும் வானொலியிலும் ஆர்வமுள்ள எவரையும் அது குறித்துவிடும். என் தேர்வு ‘ஒலிச்சுவைஞர்’. அறிஞர், கலைஞர், கவிஞர் என்ற வரிசையில் நிற்கும் ‘சுவைஞர்’, ரசிகர் என்பதற்கு ஈடாக ஏற்கனவே வழக்கில் உள்ளது. சுவைத்தலைச் செவியோடு இணைப்பதும் நமக்குப் புதிதன்று: ‘செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள்’ என்கிறது கேள்வி அதிகாரத்துக் குறள். அங்கே பேசப்படுவது இசை அன்று, கேட்டுப் பெறும் அறிவு. ஆயினும் செவிக்கு எனத் தனிச்சுவை உண்டு என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. ‘ஒலிச்சுவைஞர்’ என்னும்போது அன்பும் நுகர்ச்சியும் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன, வல்லமை என்ற உரிமைகோரல் வெளியே நின்றுவிடுகிறது. சுவைத்துச் சொல்ல வேண்டியது செவிதான் என்பதும் அதில் அடங்கும்.

தொடர்புடைய சொற்களில் ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘ஒலிபெருக்கி’ என்பதன் நேர்ப்பொருள் ஒலியைப் பெருக்குவது. ஆனால் வழக்கில் அது ஸ்பீக்கரைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. எனவே ஆம்ப்ளிஃபையரைப் ‘பெருக்கி’ என்று தனித்து எழுதுவதே குழப்பம் தராது. கேபிளுக்கு ‘மின்வடம்’ நன்றாகப் பொருந்தும். தேரிழுக்கும் வடத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவரை ‘ஒலிப் பொறியாளர்’ என்றே வழங்கலாம். ஒலிச்சுவைஞர் ஒருவர் ஒலிப் பொறியாளராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடக்கூடாது.