மாவடு ஜாடியும் நகரத்துக் குடிநீரும்

மாவடுவில் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே இரண்டு மூன்று நாளில் ஜாடியில் நீர் விட்டிருக்கும். வடு சுருங்கிப்போயிருக்கும். உள்ளே இருந்த தண்ணீர் தோல் வழியாக உப்பைத் தேடி வெளியே வந்துவிட்டது. இதுதான் சவ்வூடு பரவல்.

சென்னையை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை செய்வது இதைத் தலைகீழாக. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர், நல்ல தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 27 மடங்கு. அதை மிஞ்சி அழுத்தினால்தான் தண்ணீர் உப்பை விட்டுப் பிரிந்து, தண்ணீரை மட்டும் விடும் தோல் போன்ற சவ்வைத் தாண்டும். பிரியப் பிரிய மிச்ச நீர் இன்னும் கரிக்கும் என்பதால், ஆலைகளில் சுமார் 60 மடங்கு அழுத்தம் கொடுக்கிறார்கள். அப்படியும் பாதிக்கு மேல் கடலுக்கே திரும்பிவிடுகிறது. ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் போகிறது.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் சவ்வு தடிமனாக இருந்தால் தண்ணீர் கசியாது. மெல்லியதாக இருந்தால் கிழியும். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் இதற்கு வழி கண்டார்கள்: உப்பைத் தடுக்க மிக மெல்லிய ஒரு தோல், அதைத் தாங்க அடியில் நுண்துளை நிறைந்த தடித்த அடுக்கு. இரண்டும் சேர்ந்து ஒரே சவ்வு.

சரி, இதே சவ்வில் சுத்திகரித்த சாக்கடை நீரை விட்டால்? அதில் உப்பு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான். அழுத்தம் குறையும், மின்சாரமும் கடல்நீருக்கு ஆவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போதும். உப்பையே விடாத சவ்வு, அதைவிடப் பல பத்து மடங்கு பெரிய வைரஸை விடாது. சில சின்ன மூலக்கூறுகள் தப்பிவிடும் என்பது உண்மை. அதற்காகவும் சில இடங்களில் கடைசியில் புற ஊதாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். சவ்வில் கிருமிகள் பாசிபோல் படிவதுதான் பெரிய தொல்லை. அடிக்கடி கழுவ வேண்டும்.

2019 வறட்சியின்போது ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, தடவைக்கு 25 லட்சம் லிட்டர். அதே ஆண்டு கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கும் ஆலைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் ஊருக்கு மிச்சம். நெம்மேலிக்குப் பக்கத்துப் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். கடலும் வேண்டும்தான். ஆனால் வீட்டுச் சாக்கடையில் ஓடுவது நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக் கொண்டுவந்த தண்ணீர். முதலில் அதைத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்பேன்.

அருவருப்பு வரத்தான் செய்யும். சிங்கப்பூரில் 2002 தேசிய தின விழாவில், இப்படிச் சுத்திகரித்த தண்ணீர்ப் பாட்டிலைப் பிரதமர் கோ சோக் டோங் எல்லோர் முன்னாலும் திறந்து குடித்தார். கூட்டமும் சேர்ந்து குடித்தது. அடுத்த ஆண்டு அது அங்குள்ள நீர்த்தேக்கங்களில் கலக்க ஆரம்பித்தது.