மலேரியா இல்லாத நாட்டில் மலேரியா மாத்திரை எதற்கு?

இலங்கையில் இருந்து மலேரியா உள்ள நாடொன்றுக்குப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரையை அரசிடம் இருந்து இலவசமாகப் பெறலாம். திரும்பி வந்தபிறகு காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனைக்கும் காசு இல்லை. நோய் என்று உறுதியானால் மருந்துக்கும் காசு இல்லை. தனியார் வைத்தியசாலையில் படுத்திருந்தாலும் மருந்து மலேரியா தடை இயக்கத்திடம் இருந்துதான் வரும். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் இந்த இயக்கத்துக்குக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகமும் மாவட்டங்களில் பிராந்திய அலுவலகங்களும் இருக்கின்றன.

இப்படியொரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "அதுதான் மலேரியா ஒழிஞ்சு போச்சே, பிறகென்ன?" என்று போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒழிந்தது உண்மைதான். உள்ளூரிலேயே பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். அதன்பின் தொடர்ந்து மூன்று வருடங்கள் உள்ளூர்ப் பரவல் இல்லை என்று காட்டி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை இலங்கை வாங்கியது. அந்த நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்தது இலங்கைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி இங்கே ஆளுக்கு ஆள் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அதைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு எங்கும் போய்விடவில்லை. வெளிநாட்டில் தொற்றிய ஒருவர் இங்கே வந்து, அவரைக் கடித்த நுளம்பு பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்து இன்னொருவரைக் கடித்தால் போதும், சங்கிலி மறுபடி தொடங்கிவிடும்.

முன்பொரு தடவை கைக்கு எட்டியது

1934இல் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தில் வற்றாமல் ஓடும் களனி கங்கையும் மகா ஓயாவும் ஓட்டம் குறைந்து, மணலுக்கிடையில் குட்டை குட்டையாகத் தேங்கின. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸுக்கு வெயில் படும் அந்தத் தெளிந்த நீரைவிட நல்ல இடம் கிடையாது. ஓடும் ஆற்றில் அடித்துச் செல்லப்படும் குடம்பிகள் அந்தக் குட்டைகளில் சுகமாக வளர்ந்தன. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு இந்த நோய் அவ்வளவாகப் பழக்கமில்லை, உடலில் எதிர்ப்பும் இல்லை. மாரி கடந்து 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர்.

1940களின் நடுவில் டி.டி.டி. என்ற பூச்சிகொல்லி வந்தது. வீடு வீடாகச் சுவருக்கு மருந்து அடித்தார்கள், ஊர் ஊராக இரத்தம் எடுத்தார்கள். 1963ஆம் ஆண்டு நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர். அவர்களிலும் கொஞ்சப்பேர்தான் உள்ளூரில் தொற்றியவர்கள். சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். மருந்து அடிப்பது நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. இரத்தினக்கல் தோண்ட உலர்வலயத்துக்குப் போனவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பியபோது அதைக் கண்டுபிடிக்க ஆட்கள் போதவில்லை. 1969இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மறுபடி மருந்தைத் தூக்கியபோது டி.டி.டி.க்கு நுளம்பு பழகிவிட்டிருந்தது, மலத்தியனுக்கு மாற வேண்டி வந்தது. இதற்குப் பிறகு இன்னும் நாற்பது வருடங்கள் இழுபட்டது.

பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் இன்று உள்ள விதிகள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு 1963தான் பதில்.

இரண்டாவது தடவை முடித்த விதம் வேறு. 1999இல் இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கை, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சரிந்தது. நுளம்பு பழகிவிடாதபடி பிரதேசத்துக்குப் பிரதேசம் மருந்தை மாற்றி அடித்தார்கள். நீண்டகாலம் வீரியம் குறையாத மருந்தூட்டிய நுளம்பு வலைகள் கொடுத்தார்கள். காய்ச்சல்காரர் வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், வாகனத்தில் நுணுக்குக்காட்டியை ஏற்றிக்கொண்டு நடமாடும் முகாம்கள் ஊர்களுக்குப் போயின. கடைசிக் காலத்தில் நோய் எஞ்சியிருந்தது பெரும்பாலும் காட்டோரம் வேலை செய்த வளர்ந்த ஆண்களிடம்: படையினர், இரத்தினக்கல் அகழ்வோர், சேனைப்பயிர் செய்வோர். அவர்களைத் தேடித் தேடியே 2012இல் முடித்தார்கள்.

பயணத்துக்கு முன்னும் பின்னும்

ஆபிரிக்க நாடுகளுக்குத் தொழிலுக்கும் இரத்தினக்கல் வியாபாரத்துக்கும் போகிறவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போகிறவர்கள், ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் படையினர் ஆகியோர்தான் முக்கியமாக மாத்திரை வாங்க வேண்டியவர்கள். எந்த நாடு, அங்கே எந்தப் பகுதி, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். கர்ப்பமா, வேறு நோய் இருக்கிறதா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை ஆளுக்கு ஆள் மாறும். வாரம் ஒன்று எடுக்கும் மாத்திரைகள் சிலவற்றைப் புறப்பட ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அதனால் விமானம் ஏற முதல்நாள் ஓடிப்போய் நிற்பதில் பிரயோசனம் குறைவு, டிக்கெட் போட்ட கையோடு போவதே நல்லது.

ஆட்கள் வழுக்குவது திரும்பி வந்த பிறகுதான். வழக்கமான தடுப்பு மாத்திரைகளை ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். புறப்படும் தறுவாயில் கடித்த நுளம்பின் ஒட்டுண்ணி முதலில் ஈரலில்தான் தங்கும், இரத்தத்துக்கு வர நாள் எடுக்கும். "வந்திட்டம்தானே" என்று மிச்ச மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறவர் அந்த ஒட்டுண்ணிக்குக் கதவைத் திறந்து விடுகிறார்.

திரும்பியபின் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதல் வசனமாகவே "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தனான்" என்று சொல்லுங்கள். மலேரியா அருகிப்போனதால் இளம் வைத்தியர்கள் பலர் ஒரு நோயாளியையும் பார்த்ததில்லை. காய்ச்சல் என்றதும் நினைவு டெங்குவுக்குத்தான் போகும். டெங்கு இல்லை என்று அறிக்கை வந்ததும், வைரஸ் காய்ச்சல் என்று பனடோலோடு வீட்டுக்கு அனுப்பினால் வீணாகிப்போகும் நாட்கள் உயிராபத்தானவை. குறிப்பாக ஆபிரிக்காவில் பெரும்பான்மையாக உள்ள பல்சிபாரம் என்ற மலேரியா வகை, சில நாட்களில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்.

பரிசோதனை எளிது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லிதாகவும் பூசுவார்கள். கிம்சா சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒட்டுண்ணி சிறு மோதிரம்போலத் தெரியும். தடிப்பான பூச்சில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவார்கள், மெல்லிய பூச்சில் அது எந்த வகை என்று பார்ப்பார்கள். கால்மணி நேரத்தில் விடை தரும் துரித பரிசோதனைப் பட்டையும் உண்டு.

மலேரியா என்று வந்துவிட்டால், அது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். அரச வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை, ஆய்வுகூடம் என்று எதில் கண்டுபிடித்தாலும் உடனே மலேரியா தடை இயக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு இரவு பகல் தொலைபேசிச் சேவை இருக்கிறது. நோயாளியை வைத்தியசாலையில் வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து திரும்ப எழும்பும், அதற்காக பிரிமாகுவின் என்ற மாத்திரையை 14 நாள் கொடுக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் அதற்கு முன் ஒரு சோதனை செய்வார்கள். குணமானபின்னும் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்க அழைத்தால் சலிக்க வேண்டாம், அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இன்னொரு பக்கம் வெளிக்கள உத்தியோகத்தர்கள் நோயாளியின் வீட்டுக்கு வருவார்கள். வீட்டாரிடமும் அயலவரிடமும் இரத்தம் எடுப்பார்கள், சுற்றுவட்டத்தில் அனோபிலிஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவையென்றால் மருந்து அடிப்பார்கள். அயலுக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். 2018இல் மொனராகலையில் நடந்ததைப் பார்த்தால் இது ஏன் தேவை என்று தெரியும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் கொண்டுவந்த வைவாக்ஸ், இங்குள்ள ஒருவருக்கு நுளம்பு வழியாகத் தொற்றியது. ஒழிப்புக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. உடனே சுற்றிவளைத்துத் தேடியதால் அதற்கு மேல் போகவில்லை.

மன்னார்க் கிணறுகள்

வடக்கில் உள்ளவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு 2016 கடைசியில் மன்னாரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. பழைய நுளம்புக்கு ஆற்றுக் குட்டை வேண்டியிருந்தது. இதற்கு வீட்டுக் கிணறும் தொட்டியும் போதும், அதுவும் சன நெருக்கமான பட்டணத்திலேயே.

கிணற்றில் வாளி போட்டுப் பாருங்கள். டெங்கு நுளம்பின் குடம்பி நீருக்குள் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கும். கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பாவிக்கிற கிணற்றுக்குக் குடம்பி தின்னும் கப்பி மீன் விடலாம் அல்லது வலை போட்டு மூடலாம். பாவிக்காத கிணறு என்றால் தூர்த்துவிடுவதே வசதி.

கட்டடத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் இந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று பார்க்காமல் இரத்தம் சோதிக்க அனுப்புங்கள். வைவாக்ஸ் ஒரு வருடம் கழித்தும் தலைகாட்டும்.