கெண்டியின் அடியில் சிங்கம் இருக்கிறதா?

பழைய வெள்ளிச் சாமான்களை மதிப்பிடுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா, நீலகிரித் தோட்ட பங்களா ஒன்றின் சாமான்களோடு தம் மாமனார் வாங்கிய தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்துக் காட்டி, "இங்கிலாந்து வெள்ளி சார், கிரீடம்கூட இருக்கிறது" என்றார். கிரீடத்தை ஒட்டி நான்கு சிறு கேடயங்கள். ஒவ்வொன்றிலும் பழைய பாணியில் நெளிந்த ஓர் எழுத்து. லென்ஸ் வைத்துச் சேர்த்துப் படித்தபோது ஈ, பி, என், எஸ் என்று வந்தது. நிக்கல் சில்வர் மீது மின்முலாம், அதாவது மின்சாரத்தால் பூசிய வெள்ளிப் பூச்சு, என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அந்த உலோகத்தைத்தான் ஜெர்மன் சில்வர் என்றும் சொல்கிறோம். அதில் வெள்ளி துளியும் கிடையாது.

1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின் இத்தகைய பாத்திரங்கள் பெருகின. அசல் ஹால்மார்க்கைப் போலத் தோன்றும்படி எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் பொறிப்பது அன்றைய தயாரிப்பாளர்கள் பலரின் வழக்கம். கிரீடம் 1773 முதல் 1974 வரை, வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் ஷெஃபீல்ட் சோதனைச் சாலையின் முத்திரையாக இருந்தது என்றாலும், முலாம் பூசியவர்களும் அதை நெடுநாள் தாராளமாகக் குத்திக்கொண்டார்கள்.

ஆகவே இங்கிலாந்துப் பொருளில் நான் முதலில் தேடுவது, 1544 முதல் லண்டனில் குத்தப்பட்டுவரும், முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கத்தை. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம். பிறகு ஆண்டைக் குறிக்கும் எழுத்து. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் இருக்கும். அந்தத் தலை புடைத்து நிற்காமல் உள்ளே குழிந்திருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அப்படிக் குத்தியது 1784 முதல் 1786 வரை மட்டுமே.

செய்தவரின் முதலெழுத்துகளைக் கடைசியில்தான் படிப்பேன். இதைப் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கரண்டியில் எச், பி என்ற எழுத்துகளைக் கண்டதும், 1761இல் லண்டனில் தம் முத்திரையைப் பதிவு செய்த ஹெஸ்டர் பேட்மன் அம்மையாரின் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய எழுத்துகள் கையெழுத்துபோல் சுழித்திருக்கும். இவை நேராக நின்றன. ஆண்டெழுத்தும் அவர் காலத்துக்கு வெகுகாலம் பிந்தியது. ஒரே முதலெழுத்துகள் பல கொல்லர்களுக்கு உண்டு. ஊரும் ஆண்டும் தெரிந்த பிறகே பெயர் பிடிபடும்.

சிங்கம் இருந்தாலும் ஒரு சோதனை மிச்சம். 1720 முதல் 1758 வரை அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்ததால், சிறு துண்டு ஒன்றில் முத்திரை வாங்கி அதைப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்து வரியைத் தப்பியவர்கள் உண்டு. முத்திரையைச் சுற்றி வாயால் ஊதுங்கள்; ஆவி படியும்போது பற்றவைத்த கோடு மெல்லிய வளையமாகத் தெரியலாம். முலாம் தேய்ந்ததைக் காணக் கரண்டிக் குழியின் முதுகைப் பாருங்கள். மேசையில் உரசும் அந்த இடத்தில்தான் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் முதலில் எட்டிப்பார்க்கும். இவற்றையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை பாலிஷ் போடாதீர்கள். தேய்க்கத் தேய்க்க மழுங்குவது முத்திரைதான்.

கெண்டி முலாம் என்றதும் அந்த அம்மா அதே பையிலிருந்து, சாமி உருவங்கள் புடைத்த ஒரு சர்க்கரைக் கிண்ணத்தைத் தயக்கத்தோடு எடுத்து, "இதில் கிரீடம்கூட இல்லை" என்றார். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர் மட்டும் அடியில் இருந்தது. ஆங்கிலேயர் கால மதராஸில் அரசுச் சோதனைச் சாலை இல்லாததால் இங்கே செய்த வெள்ளியில் சிங்கத்தைத் தேடிப் பயனில்லை. கடைப் பெயரே முத்திரை. உரைத்துப் பார்த்தேன், நல்ல மாற்று. அதில் அவர் இத்தனை நாளும் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தாராம்.