ஆபரேஷனுக்குப் பின் சி.ஆர்.பி. 140: பயப்பட வேண்டுமா?

பெருங்குடலில் கட்டி உள்ள பகுதியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த பிறகு, டாக்டர்களான எங்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: அந்தத் தையல் கசியுமா? காய்ச்சல், வயிற்று உப்புசம், படபடப்பு எல்லாம் வெளியே தெரிவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். அதற்கு முன்பே துப்புக் கொடுக்கக்கூடியது ரத்தத்தில் இருக்கும் சி.ஆர்.பி. என்ற புரதம்.

இது கல்லீரலில் உருவாவது. கத்தி பட்டாலே ஏறும். இரண்டு, மூன்று நாளில் உச்சம் தொட்டு, சிக்கல் இல்லையென்றால் மளமளவென்று இறங்கும். சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் எங்களுக்கு முன்பே உறவினரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. "டாக்டர், நார்மல் ஆறுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு 140! செப்டிக் ஆயிடுச்சா?" நேற்று 190 இருந்து இன்று 140 என்றால் நான் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போவேன். நேற்று 90 இருந்து நான்காம் நாளில் 140 என்றால் வயிற்றை மறுபடி தொட்டுப் பார்ப்பேன், சி.டி. ஸ்கேன் பற்றி யோசிப்பேன்.

பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014இல் வந்த அலசல், மூன்றாம் நாளுக்கு 172, நான்காம் நாளுக்கு 124 (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று எல்லை வகுத்தது. அதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று 97 சதவீதம் நம்பலாம். மேலே இருந்தாலோ, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் கசிவு. ஆக, இது பயமுறுத்துவதைவிட, வீட்டுக்கு அனுப்பத் தைரியம் கொடுப்பதற்கே அதிகம் உதவும்.

மெஷின் லேர்னிங், அதாவது பழைய நோயாளிகளின் தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் முறை, இங்கேதான் உள்ளே வருகிறது. சி.ஆர்.பி.யோடு ஆல்புமின் (இன்னொரு ரத்தப் புரதம்), கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு), வெள்ளணு எண்ணிக்கை, வயது, சர்க்கரை எல்லாவற்றின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, யாருக்குச் சிக்கல் வரலாம் என்று கணிக்கிறது. ஒரே நேரத்தில் இத்தனையையும் மனதில் வைத்திருக்க ராத்திரி டியூட்டி டாக்டரால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது எதைக் கற்றுக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பாஸ்டன் மருத்துவமனைத் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், 174 பரிசோதனைகளில் 118க்கு, முடிவைவிட அந்தப் பரிசோதனை எந்த நேரத்தில் கேட்கப்பட்டது என்பதே நோயாளி பிழைப்பாரா என்பதைத் துல்லியமாகச் சொன்னது. விடியற்காலை மூன்று மணிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் டாக்டருக்கு ஏற்கனவே சந்தேகம் என்றுதானே அர்த்தம்? கணினி அந்தச் சந்தேகத்தையே காப்பியடித்து நமக்குத் திருப்பிச் சொல்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஓடிய செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை மென்பொருள் ஒன்றை மிச்சிகனில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள்: செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரைக் கோட்டைவிட்டிருந்தது.

நம் ஊரில் இன்னொரு தலைவலி, அலகு. சில லேப்கள் லிட்டர் கணக்கில் 140 என்றும், சில டெசிலிட்டர் கணக்கில் 14 என்றும் தருகின்றன. மனிதர் பார்த்தால் சுதாரித்துக்கொள்வார். கணினிக்குச் சொல்லி வைக்காவிட்டால் 14 என்பது பிரமாதமான ரிப்போர்ட். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர்களுக்கும் சி.ஆர்.பி. எதிர்பார்த்த அளவு ஏறாமல் ஏமாற்றும்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். எண்ணைக் காட்டும்போது முந்தைய நாள் எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.