ஸ்டொக்: இருப்பா, வந்தபடியா, வரம்பா?

கோண்டாவில் பக்கம் ஒரு சீமெந்துத் தரையில் ஞாயிறு பின்னேரங்களில் ரிமோட் கார் ஓட்டுகிற எங்கள் ஆட்களுக்குள் இரண்டு மாதமாக ஒரே இழுபறி. 'ஸ்டொக்' பிரிவில் பழைய பிரஷ் மோட்டாரை (உள்ளே கரித்துண்டு உரசி மின்சாரம் கொடுப்பது) விட்டு, அந்த உரசல் இல்லாத 17.5 சுற்று பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறலாமா என்பதுதான் விஷயம். "ஸ்டொக் எண்டா ஸ்டொக்தான் அண்ணை, பெட்டியில வந்தபடி ஓட வேணும்" என்றான் ஒருவன். "அப்ப தம்பி, உன்ரை காரில கிடக்கிற போல் பெயாரிங் பெட்டியிலையே வந்தது?" என்று கேட்டேன். நாங்களே பூட்டுகிற பல கிட்களில் அச்சைத் தாங்க பிளாஸ்டிக் வளையமான புஷ்தான் வரும், பூட்டுகிற அன்றைக்கே அதை விட்டுவிட்டு எல்லாரும் பெயாரிங் போட்டுவிடுவார்கள். அவன் பேசாமல் இருந்தான். சண்டையில் பாதி இந்தச் சொல்லால் வருவது.

பழைய ஆங்கிலத்தில் ஸ்டொக் என்றால் அடிமரம், நாங்கள் மரக்குத்தி என்கிறோமே, அது. அதிலிருந்து கிளைத்த பொருள்களில் ஒன்று, விற்பதற்காகக் கடையில் சேர்த்து வைத்த சரக்கு. (தமிழிலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'முதல்' என்றால் வேர், வியாபாரத்தில் போடுகிற பணமும் முதல்தான்.) கடைச் சரக்கு என்பது பிறகு 'கடையில் வழமையாகக் கிடைப்பது' என்றாகி, அப்புறம் 'வாங்கிய பின் கை வைக்காதது' என்று வந்து நின்றது. 1948இல் அமெரிக்காவில் தொடங்கிய நாஸ்காரின் பெயருக்குள்ளேயே 'ஸ்டொக் கார்' இருக்கிறது, 1949இல் அவர்கள் நடத்திய பிரிவுக்கு 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டொக்' என்றே பெயர். இன்று அங்கே ஓடுவதெல்லாம் பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள், ஆனால் பெயர் அப்படியே கிடக்கிறது.

சின்னக் கார்களிலும் இதே கதைதான். பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களில் ஸ்டொக் என்றால் நெடுங்காலம் 27 சுற்று பிரஷ் மோட்டார். சுற்று என்பது மோட்டாருக்குள் கம்பியை எத்தனை தரம் சுற்றியிருக்கிறது என்ற கணக்கு, அது குறையக் குறைய வேகம் கூடும். பிறகு பல இடங்களில் 17.5 பிரஷ்லெஸ் அந்த இடத்தைப் பிடித்தது. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் டைமிங்கை, அதாவது சுருளுக்கு மின்சாரம் கொடுக்கிற நேரத்தை முந்த வைக்கிற அளவை, ஏற்றி வேகம் எடுக்கத் தொடங்கியதும், டைமிங் பூச்சியத்தில் இருப்பதைக் காட்ட விளக்கு மின்ன வேண்டும் என்று விதி போட்டார்கள், அதைத்தான் 'பிளிங்கி' என்கிறோம். இத்தனைக்குப் பிறகும் அது ஸ்டொக்தான்.

வந்தபடி ஓடினால் எல்லாருக்கும் சமம் என்பதையும் நான் நம்பவில்லை. பெட்டியோடு வருகிற 540 என்ற அளவு வெள்ளி நிற பிரஷ் மோட்டார் ஒன்று பழுதாக, மடித்து மூடியிருந்த தகட்டை நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்கக் கரித்தூள், பிரஷ் உரசிய இடத்தில் நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம். பிரஷை மாற்ற வழியில்லை, புது மோட்டார்தான் வாங்க வேண்டும். புதியதிலும் ஒன்று போல் மற்றது ஓடாது, காசுள்ளவன் நாலைந்து வாங்கி நல்லதைப் பொறுக்கி எடுப்பான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து 'இருப்பு' என்று போட்டால் களஞ்சியம்தான் நினைவுக்கு வரும். கை வைக்காதது என்ற பொருளுக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்யில் ஓடிய பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜை இன்றைக்கு விலை பேசுகிறவர் முதலில் கேட்பது "கொம்பனி எஞ்சினோ?" என்றுதான். அதையே தமிழாக்கினால் 'வந்தபடி', அந்தப் பெடியன் வாயில் தானாக வந்த சொல்.

விதி போட்டு எல்லை கட்டியது என்ற மற்றப் பொருளுக்கு நான் வைப்பது 'வரம்பு'. வயல் வரம்பைத் தேவைக்கு உயர்த்தலாம், தள்ளிக் கட்டலாம், ஆனால் எது வரைக்கும் என்பது எல்லாருக்கும் கண்ணில் தெரியும். 27 சுற்று ஒரு வரம்பு, 17.5 இன்னொரு வரம்பு. 'கிளாஸ்' என்பதற்கு வகுப்பு வேண்டாம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கீழ்ப்பிரிவு, மேற்பிரிவு என்று பழகிய 'பிரிவு' போதும்.

அடுத்த ஞாயிறு நான் எழுதிக்கொண்டு போகிற தாளில் ஸ்டொக் என்ற சொல்லே இல்லை. வந்தபடிப் பிரிவு: பெட்டியில் வந்த மோட்டார், பெட்டியில் வந்த புஷ். வரம்புப் பிரிவு: 17.5 சுற்று, இரண்டு செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி, பிளிங்கி, பெயாரிங் அவரவர் விருப்பம். வாக்கெடுப்பு அதற்குப் பிறகு நடக்கட்டும்.