காத்திருந்த நேரத்தில் முளைத்த நட்பு

1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டில் செத்துப்போவது பெரிய தொல்லை. குகையின் ஆழத்தில் எங்காவது உங்கள் பாத்திரம் இறந்துவிட்டால் வாள், கவசம், பை எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். நீங்கள் வெறுங்கையோடு வேறெங்கோ மீண்டும் எழுவீர்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த அனுபவப் புள்ளிகளிலும் ஒரு பங்கு போய்விடும். உடைமைகளை மீட்க, உங்களைக் கொன்ற அதே பூதங்களைக் கடந்து நிராயுதபாணியாகப் போக வேண்டும். பிணத்தைத் தன்னிடம் வரவழைக்கும் மந்திரம் ஓரிரு வகைப் பாத்திரங்களுக்கு மட்டுமே தெரியும். இழந்த புள்ளிகளில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் மந்திரம் பூசாரி வகுப்பினரிடம் இருக்கும். ஆக, முன்பின் அறியாத யாரிடமாவது போய்க் கெஞ்சியே ஆக வேண்டும்.

இதை வடிவமைப்புக் கோளாறு என்று பலர் எண்ணினார்கள். பிறகு வந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றாக இதைக் களைந்தன. ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகில் பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளில் மனிதர்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், இந்தத் தொல்லைகளைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

ஒட்டுதல் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். முதலில் வேலைப் பிரிவினை. ஒரு குழுவில் அடி வாங்குவதற்கென்றே ஒருவர் இருப்பார், அவர் டாங்க். அவரைச் சாகவிடாமல் காயம் ஆற்றுபவர் ஹீலர். மற்றவர்கள் எதிரியைத் தாக்குவார்கள். டாங்கால் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. ஹீலரை இரண்டு முறை அடித்தால் விழுந்துவிடுவார். தன் கையே தனக்குதவி என்ற பழமொழி இங்கே செல்லாது. ஒவ்வொருவரும் வேண்டுமென்றே அரைகுறையாகப் படைக்கப்பட்டவர்கள்.

அடுத்தது ஓய்வு நேரம். பழைய விளையாட்டுகளில் ஒரு சண்டை முடிந்ததும் மந்திர சக்தி ஊறி வரும்வரை குழுவே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குரல்வழிப் பேச்சு பரவாத காலம் அது. சண்டையின்போது தட்டச்சு செய்யக் கை ஒழியாது. உட்கார்ந்திருக்கும்போது செய்வதற்கு வேறு வேலை கிடையாது. முதலில் அந்தக் குகையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு வேலை, தூக்கமின்மை, பிரிந்துபோன காதல் என்று பேச்சு நீளும். எதிரில் முகம் தெரியாததும், அடுத்த சண்டை வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் மனம் திறப்பதற்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நினைவு. விளையாட்டு உலகம் சர்வர் எனப்படும் தனித்தனிப் பிரதிகளாக இயங்கும்; ஒரு சர்வரில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். நேற்று பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரை நாளையும் சந்திக்க வேண்டியிருக்கும். ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிஞர் 1980களில் கணினிப் போட்டிகள் நடத்திக் காட்டியது இதைத்தான்: ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப ஆட வேண்டும் என்று தெரிந்தால், சுயநலக்காரர்களுக்கிடையிலும் ஒத்துழைப்பு வேர்விடும். விளையாட்டு உலகில் இதற்குக் காவலர் தேவைப்படவில்லை; பெயர் கெட்டுப்போவதே தண்டனை. பெயர் கெட்ட ஹீலரைக்கூட யாராவது சேர்த்துக்கொள்வார்கள், ஏனெனில் ஹீலர்களுக்கு எப்போதும் பஞ்சம். மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இதே வகை விளையாட்டு ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைத் தானே பொறுக்கிச் சேர்த்து, அவர்களை நேரே குகைக்குள் கொண்டுபோய் விடும். ஆள் தேடி நகரத்தில் கூவிக்கொண்டிருந்த நேரம் மிச்சமானது. ஆனால் அந்த ஐவரும் மறுபடி சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆக்செல்ராட் சொன்ன அந்த 'நாளை' இல்லாமல் போயிற்று. வணக்கம்கூடச் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டுக் கலைவது வழக்கமானது. ஒருவர் சற்றுத் தடுமாறினாலும் வாக்கெடுத்து வெளியேற்றினார்கள். ஆட வந்தவர்கள் அதே மனிதர்கள்தான், சூழ்நிலைதான் வேறு.

இதை வைத்து எல்லோரும் நட்புக்காகத்தான் ஆடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே விளையாட்டை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பலர் பெரும்பாலான நேரம் தனியாகவே ஆடுவதைக் கண்டது. அப்படியானால் தனி ஆட்டம் ஒன்றை வாங்கி ஆடலாமே? சுற்றிலும் ஆட்கள் நடமாட வேண்டும், ஆனால் பேச வேண்டியதில்லை என்பது அவர்களின் விருப்பம். நூலகத்தில் போய்ப் படிப்பவரைப் போல. அரிதாகக் கிடைத்த கவசத்தை அணிந்து நகரச் சதுக்கத்தில் நிற்பதற்கும் பார்ப்பதற்கு நாலு பேர் வேண்டும்.

இந்த உறவுகளை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பார்டஸ் என்ற விண்வெளி விளையாட்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரின் நட்பு, பகை, வணிகம், தாக்குதல் எல்லாவற்றையும் ஒரு குழு ஆராய்ந்து 2010இல் வெளியிட்டது. ஒருவர் உங்களை நண்பர் என்று குறித்தால் நீங்களும் அவரைக் குறிக்க வாய்ப்பு அதிகம். பகையில் இந்தப் பரிமாற்றம் குறைவு. பலரும் வெறுக்கும் ஒருவர் பதிலுக்கு அத்தனை பேரையும் வெறுத்துக்கொண்டிருப்பதில்லை. நண்பனின் நண்பன் நண்பனாவதும், பகைவனின் பகைவன் நண்பனாவதும் அங்கே எண்களாகவே தெரிந்தன. சமூக உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த விதியை இவ்வளவு பெரிய கூட்டத்தில் சோதிக்க முடிந்ததற்கு, யார் யாரோ பொழுதுபோக்காக விண்கலம் ஓட்டியதே காரணம்.

ஏற்ற வேடம் ஆளையும் மாற்றுகிறது. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர் அறையில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குட்டையான உருவமும் தற்செயலாகக் கொடுத்தார்கள். பணத்தைப் பங்கிடும் பேரத்தில் உயரமான உருவம் பெற்றவர்கள் தங்களுக்குச் சாதகமாகப் பங்கு பிரித்தார்கள். குட்டையான உருவம் பெற்றவர்கள் அநியாயப் பங்கையும் எளிதில் ஏற்றார்கள். உண்மையில் அவர்களின் உயரம் என்ன என்பது பொருட்டாக இருக்கவில்லை.

வேடம் எவ்வளவு தூரம் ஊறிவிடும் என்பது 2005 செப்டம்பரில் தெரிந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஓர் அரக்கன் ஏவும் இரத்த நோய், வளர்ப்பு விலங்குகள் வழியாக எதிர்பாராமல் நகரங்களுக்குள் பரவியது. புதியவர்கள் நொடிகளில் மடிந்தார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள்; சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள். ஹீலர்கள் பலர், யாரும் கேட்காமலேயே, நோயுற்றவர்களைத் தேடிப் போய்த் தாங்களும் தொற்றிக்கொண்டார்கள். புள்ளியும் கிடையாது, பரிசும் கிடையாது. நோய்ப் பரவலைக் கணிக்கும் அறிஞர்கள் பிறகு இந்த நிகழ்வை ஆராய்ந்ததற்கு, கணித மாதிரிகளில் சிக்காத இந்த மனிதத்தனமும் ஒரு காரணம்.

தனக்கொரு வேலை இருக்கிறது, தான் வராவிட்டால் யாரோ தேடுவார்கள் என்ற உணர்வு ஒருவருக்கு என்னவாக இருந்தது என்பதை நார்வேயில் ஒரு குடும்பம் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டது. தசைகள் சிதையும் பிறவி நோயோடு வாழ்ந்த அவர்களின் மகன் 2014இல், 25 வயதில் இறந்தார். மகன் நாளெல்லாம் கணினியில் விளையாடுவது பெற்றோருக்குத் தெரியும். நண்பர்களே இல்லாமல் போய்விட்டானே என்று வருந்தினார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அவருடைய கில்டை, அதாவது விளையாட்டில் அவர் இருந்த நிரந்தரக் குழுவை, சேர்ந்தவர்கள் இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார்கள். நாற்காலியைவிட்டு எழ முடியாத மகன் அங்கே ஓடிக்கொண்டிருந்ததும், யார் யாருடைய துயரத்தையோ பொறுமையாகக் கேட்டதும் அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

2019 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை, தானாக ஆள் சேர்க்கும் பொத்தான் இல்லாமல், நடையும் காத்திருப்புமாக மீண்டும் வெளியிட்டார்கள். உள்ளே நுழையவே கூட்டம் முண்டியடித்தது. தொடக்கப் பணிகள் சிலவற்றில் ஒரே ஒரு அரக்கனைக் கொல்ல வேண்டும். கொன்றால் சற்று நேரம் கழித்துத்தான் மறுபடி தோன்றுவான். முதல் அடி அடித்தவருக்கோ அவருடைய குழுவுக்கோதான் கணக்கு. யாரும் குறுக்கே புகுந்து அடிக்கலாம். தடுக்க விளையாட்டில் விதி கிடையாது. பல இடங்களில் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசை கட்டி, தங்கள் முறைக்காக நின்றார்கள்.